பஞ்சு திணித்த பை

சர்ர்... உள்ளே மணல் இறங்குகிறது. கண்ணை மூடினால்தான் அது கேட்கும். கன்னம் ரைபிள் கட்டையின் மேல், கட்டையின் வால் பையின் மேல், பைக்குள் மணல். ஒரு பொட்டு மணல் இன்னொரு பொட்டின் மேல் சறுக்கி உட்காருகிற சத்தம் மரத்தின் வழியாக ஏறித் தாடை எலும்புக்குள் வருகிறது. அது அடங்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. அடங்கியபின் ஒரு மூச்சு, பிறகு பாதி மூச்சு, பிறகு திற. திறந்ததும் வளையத்துக்குள் கறுப்பு வட்டம் நடுவில் நின்றால் உடம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லையென்றால் தோளால் தள்ளி நேராக்குவது திருட்டுத்தனம், குதிரையை அழுத்துகிற நேரத்தில் தோள் தன் பழைய இடத்துக்கே போய்விடும், ஸ்டூலோடு நகர வேண்டும். நகர்ந்தேன். மறுபடி மூடினேன். சர்ர். நேற்றுவரை இந்த இடத்தில் இருந்த பைக்குள் சத்தமே கிடையாது. பஞ்சுக்குச் சத்தம் ஏது. அதுதான் நாலு மாதமாக என் பெருமையாக இருந்தது, சத்தம் போடாத பை, மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சை நானே திணித்து நானே தைத்த பை. இன்றைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. கிளப்பில் இருக்கிற ஒரே நல்ல ரைபிளை, என் கன்னத்துக்கடியில் இருக்கிற இதை, கோகிலவாணி பெயரிலிருந்து எடுத்துச் சேர்மனின் மாப்பிள்ளை நிர்மல் பெயருக்கு மாற்றப் போகிறார்கள், திருச்சிப் போட்டியில் அவள் கவிழ்ந்துவிட்டாள் என்று. அவள் கவிழ்ந்தாளா நான் கவிழ்த்தேனா என்பது, நேற்று அந்தப் பஞ்சுப் பையை அமுக்கிப் பார்த்ததிலிருந்து என் சந்தேகம். அதைத் தெரிந்துகொள்ள என்னிடம் நாற்பது தோட்டா இருக்கிறது. மணி எட்டே கால். நைட் ஷிப்ட் முடித்து மூஞ்சி கழுவாமல் வந்திருக்கிறேன், புருவத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது, கண்ணைத் திறந்தால் முதலில் அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது.

முதல் தோட்டா நாற்பத்தேழு. டப்பாவில் அச்சடித்த நீளமான லாட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அது. இன்னொரு லாட் அறுபத்திரண்டு. ஒரே கம்பெனி, ஒரே விலை, வேறு வேறு நாளில் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒவ்வொரு ரைபிள் குழாய்க்கும் ஒரு லாட்தான் பிடிக்கும், சில பேருக்குச் சில ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத மாதிரி. எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் பெஞ்சில் உட்காருவது. ஆள் ஆடக் கூடாது, ரைபிள் ஆடக் கூடாது, ஆடுவது தோட்டா மட்டுமாக இருக்க வேண்டும். முன்கட்டைக்கு அடியில் ஒரு பை, குழாயைத் தொடாமல். பின்கட்டைக்கு அடியில் ஒரு பை, இடது கை அதைப் பிசைய. பிசைந்தால் குழாய் கீழே, விட்டால் மேலே, மயிரிழை மயிரிழையாக. அழுத்து. சுடு என்று மனசு சொல்லக் கூடாது, அழுத்து என்று மட்டும். டக். சின்ன ரைபிள், உதை ஒன்றும் பெரிதில்லை, ஆனாலும் பை உதையை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. ஜனவரியில் அதை நான் கேட்கவில்லை. ஜனவரியில் முதலில் அறுபத்திரண்டை அடித்தேன். புதுப் பை, அன்றைக்குத்தான் தைத்தது, பஞ்சு உப்பலாக இருந்தது, தட்டினால் எழும்பியது. அறுபத்திரண்டு மேலும் கீழுமாகச் சிதறியது, தப்பான லாட் என்று எழுதினேன். அப்புறம் நாற்பத்தேழு, பரவாயில்லை, கொஞ்சம் உயரமாகத்தான் விழுந்தது, அது என் தூங்காத நாடித் துடிப்பு என்று நானே கழித்துக்கொண்டேன். நல்லது என்று எழுதினேன். வெள்ளிங்கிரி சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று என்னை நம்பிக் கிளப் செகரட்டரி ஜெயகோபால் சார் ஆயிரம் தோட்டாவைக் கோகிலவாணி பெயரில் எடுத்து வைத்தார். அதற்கு நடுவில் நாற்பது முறை உதை வாங்கி வாங்கிப் பஞ்சு இறுகிப்போயிருந்தது என்பது, பஞ்சோடு இருபத்தாறு வருஷம் கிடக்கிற எனக்குத் தெரியவில்லை. மில்லில் பஞ்சைப் பொதியாக அழுத்திப் பேல் கட்டுகிற இடத்தில் தினமும் பார்க்கிறேன், அழுத்தின பஞ்சு செங்கல் மாதிரி நிற்கும் என்று. அதே பஞ்சு பைக்குள் போனதும் வேறு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. டக். இரண்டாவது.

மூன்றாவதை வைக்கும்போது திருச்சி வருகிறது. வரக் கூடாது, ஆனால் வருகிறது. அவள் பாயில் குப்புறப் படுத்திருக்கிறாள், தோல் கோட்டு, வார் கையை இறுக்கியிருக்கிறது, நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் டெலஸ்கோப்போடு. பத்து, பத்து, ஒன்பது மேலே. பத்து, ஒன்பது கீழே. மேலே, கீழே, மேலே. பக்கவாட்டில் ஒன்றும் போகவில்லை, காற்றைச் சரியாகப் படித்தாள், காற்று அவளுக்குக் கைவந்தது. மேலும் கீழும்தான். மேலும் கீழும் போனால் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? மூச்சு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு வாரமாக நான் படித்த அந்தக் கிழிந்த இங்கிலீஷ் ரைபிள் புத்தகத்தில் மூன்று காரணம் போட்டிருந்தது, மூச்சு, தோட்டா, தாங்கல். எனக்கு முதல் காரணமே போதுமாக இருந்தது, ஏனென்றால் மற்ற இரண்டும் என் வேலை. கமிட்டி வைத்திருக்கிற வரம்பு அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு. அவள் ஐந்நூற்று எண்பத்து மூன்று. போன வருஷம் பழைய தோட்டாவில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு அடித்தவள். எழுந்து வந்து கோட்டைக் கழற்றாமலே, "என்னண்ணா ஆச்சு எனக்கு?" என்றாள். எனக்கு, என்றாள். தோட்டாவுக்கு என்றோ ரைபிளுக்கு என்றோ கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மூச்சுல தப்பு வருது அம்மணி, பாதியில நிறுத்த மாட்டேங்கற" என்றேன். பக்கத்தில் நின்ற ஜெயகோபால் சாரும் தலையாட்டினார். நான் சொன்னதற்குத் தலையாட்டினார், அதுதான் கொடுமை, அவருக்கு என் வாய்தான் புத்தகம். டக். மூன்றாவதை வீணடித்தேன் என்று நினைத்தேன், டெலஸ்கோப்பில் பார்த்தால் இல்லை, முதலாவதுக்கு நேர் மேலே. எதைப் பற்றி யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் நாற்பத்தேழு ஏணி போட்டுக்கொண்டுதான் போகிறது. நாலு, ஐந்து, ஆறு. பத்து முடிந்தபோது இரண்டு கட்டைவிரல் நகத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்த உயரம். ஜனவரியில் விழுந்த அதே உயரம். அது மாறவில்லை. அப்படியானால் மாற வேண்டியது இன்னொன்றுதான்.

அறுபத்திரண்டின் டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. தோட்டாவை உள்ளே அடைக்கிற போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். டார்கெட் பலகைக்குத் தள்ளி ஓரத்து மண்மேட்டில் இரண்டு மயில் மேய்கிறது, தோட்டா சத்தம் அதுகளுக்கு மில் சத்தம் எனக்குப் போல, நின்றால்தான் நிமிர்ந்து பார்க்கும். இப்போது பார்த்தன. நான் இந்தக் கிளப்பில் மெம்பர் இல்லை. மெம்பராகும் வசதி எனக்கு இல்லை. மில்லில் நூல் சுற்றும் ஸ்பின்டில் நேராக்குகிற கை, எட்டு வருஷத்துக்கு முன் ஒரு உடைந்த போல்ட்டைச் சரி செய்து கொடுக்க இங்கே வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ரைபிள்களைத் துடைப்பேன், திருகு இறுக்குவேன், லாட் பார்ப்பேன், அதற்குப் பதில் காலையில் இந்தப் பெஞ்சு என்னுடையது. கார்களில் வருகிறவர்கள், இங்கிலீஷில் சிரிக்கிறவர்கள், என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், "ஏனுங்க, எனக்கு இடது பக்கமாவே போகுதுங்க, என்ன பண்றது?" அந்த ஒரு கேள்விக்காக நான் பகல் தூக்கத்தை விட்டேன். "அந்த ரைபிள்ல அப்படி என்னதான் வெச்சிருக்குதோ" என்று வீட்டில் என் சம்சாரம் ருக்மணி சொல்வதை நிறுத்தியே வருஷமாகிறது, இப்போது தட்டை மூடி வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு இருக்கிறாள். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் ஒருவேளை, இரண்டு லாட்டையும் மாற்றி மாற்றி அடி, ஐந்து அது ஐந்து இது என்று அடி, ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றை எடுக்காதே என்று யாராவது மண்டையில் குட்டியிருப்பார்கள். அது புத்தகத்தில் இருந்ததோ என்னவோ, அந்தப் பக்கம் கிழிந்திருந்ததோ, அல்லது இருந்தும் நான் தாண்டிப் போனேனோ. தாண்டித்தான் போயிருப்பேன். எனக்குத் தெரியும் என்ற இடத்தில் நான் அகராதியைத் திறப்பதில்லை.

அடித்தேன். அறுபத்திரண்டு, ஒன்று. இரண்டு. வேண்டுமென்றே மோசமாக அடிக்கப் பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மனசு அதைத்தான் விரும்பியது. சிதறு, சிதறு, ஜனவரியில் சிதறினாயே அதே மாதிரி சிதறிவிடு, நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன். ஆனால் கை கேட்கவில்லை, பழகிய கை, இடது கை பையைப் பிசைகிறது, மணல் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கிறது, விரல் நுனி நேர் பின்னால் வருகிறது, டக் என்றபின்னும் கன்னம் எடுக்காமல் ஒரு கணம் படுத்திருக்கிறது. மூன்று. டெலஸ்கோப்பில் இரண்டு ஓட்டைதான் தெரிகிறது, மூன்றாவது எங்கே, தவறிவிட்டதா, சந்தோஷம் பொங்கியது, அசிங்கமான சந்தோஷம், பிறகு பார்த்தால் இரண்டாவது ஓட்டை கொஞ்சம் நீளமாக இருக்கிறது, அதற்குள்ளேயே போயிருக்கிறது. நாலு, ஐந்து, அதே ஓட்டையின் ஓரம். பத்தையும் முடித்தபோது ஒரு சுண்டுவிரல் நகத்தால் மூடிவிடலாம். காற்று நின்றிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கொடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. குழாய் சூடாகிச் சரியாகியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆறப் போட்டு மறுபடி நாற்பத்தேழில் ஐந்து அடித்தேன், ஏணி. அறுபத்திரண்டில் ஐந்து, ஓட்டை. இன்னும் ஐந்து ஐந்து பாக்கி இருந்தது, அடிக்கத் துணிச்சல் இல்லை. ஆக நாலு மாதம் அலமாரியில் கிடந்த, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குப் பொழுதுபோக்குக்குக் கொடு என்று நான் ஒதுக்கின லாட்தான் அவளுடையது. எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை. பஞ்சின் மேல் வந்தது. பிறகு ஜெயகோபால் சார் மேல், மனுஷன் ஒரு தடவையாவது என்னைக் கேள்வி கேட்டிருக்கலாம் இல்லையா. பிறகு அவள் மேலேயே வந்தது, நான் சொன்னதை அப்படியே ஏன் எடுத்துக்கொண்டாள், திருப்பி ஒரு வார்த்தை, போண்ணா எனக்கு மூச்சு நல்லாத்தான் இருக்குது என்று ஏன் சொல்லவில்லை.

துடைக்கலாம் என்று ஆரம்பித்தேன். போல்ட்டை உருவி எடுத்து, கம்பியின் நுனியில் துணித் துண்டை மாட்டி, பின்பக்கமிருந்து குழாய்க்குள் விட்டு ஒரே தள்ளாகத் தள்ளி, கறுப்பாக வந்த துணியைத் தட்டிவிட்டு அடுத்தது. மூன்றாவது துணியில் ஜெயகோபால் சார் ஆபீஸிலிருந்து காபி டம்ளரோடு வந்தார். "என்னுங்க வெள்ளிங்கிரி, தூங்கப் போகலீங்களா? இன்னைக்கும் டெஸ்டிங்கா?" "சும்மா சார், பை மாத்தினேன்." "பஞ்சுப் பை என்னாச்சு? அதத்தான் போன வாரம் மதுரைக்காரங்ககிட்டப் பெருமையாச் சொன்னேன், எங்க ஆளோட கண்டுபிடிப்புன்னு." சிரித்தார். சிரித்தபடி ரைபிளைத் தடவினார். "நல்லாத் துடைச்சு வைங்க, மாப்பிள்ளை கைக்குப் போகுது. அந்தப் பொண்ணு பாவந்தான், என்ன பண்றது, மூச்சு நிக்க மாட்டேங்குது." இப்போது சொல்லு. நாலாவது துணியைக் கம்பியில் மாட்டினேன். நான் கழற்றி வந்திருந்த டார்கெட் தாள் இரண்டும் பெஞ்சின் மேல் மல்லாந்து கிடந்தன, ஏணியும் ஓட்டையும், அவர் பார்த்தார் என்றால் தானாகத் தெரிந்துவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, பாருங்க சார், குனிஞ்சு பாருங்க. அவர் டம்ளரை அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டு மயிலைப் பார்த்தார். "கறிவேப்பிலைச் செடியெல்லாம் மொட்டையடிச்சிடுது இது." டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏணியைச் சுற்றி ஒரு காபி வட்டம். மணி ஒன்பது இருபது. சொன்னால் என்ன ஆகும்? கேட்க வருகிறவர்கள் வர மாட்டார்கள். குரலைத் தாழ்த்த மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, நிர்மலுக்கு நானே அறுபத்திரண்டைக் கொடுத்துவிடலாம், அவன் நன்றாக அடிப்பான், வெள்ளிங்கிரி மறுபடி கண்டுபிடித்துவிட்டார் என்பார்கள். அது அத்தனை வழவழப்பாக மனசுக்குள் ஓடியது, எண்ணெய் போட்ட போல்ட் மாதிரி, ஓடி முடித்தபின்தான் அறுபத்திரண்டின் டப்பாவைக் கையெட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

ஸ்கூட்டி சத்தம் கேட்டபோது என் கையில் கம்பி பாதிக் குழாயில் நின்றது. கோகிலவாணி. பள்ளிக்கூடத்து டிராக் சூட், கழுத்தில் விசில், பி.டி. டீச்சர், முதல் பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருப்பாள். ரைபிளின் பெட்டியையும் கோட்டையும் ஒப்படைக்கக் கொண்டுவந்திருந்தாள். "இருக்கீங்களா. நல்லதாப் போச்சு, இதெல்லாம் நீங்களே வாங்கிக்கங்கண்ணா, உள்ள போயி அவங்க மூஞ்சியப் பாக்கோணுமேன்னு இருந்துச்சு." பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்புறம், டாக்டர்கிட்டப் போனேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாச்சு. ஒண்ணுமில்லையாம். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு குளத்தச் சுத்தி ஓடறேன், யோகா கிளாஸ் போறேன், எல்லாம் பண்ணியும் எப்படிண்ணா மூச்சு மட்டும்..." எக்ஸ்ரே. என் ஒரு வார்த்தைக்கு அவள் நெஞ்சைப் படம் பிடித்திருக்கிறாள். "மூச்சு இல்ல அம்மணி" என்றேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "தோட்டா. லாட்ட நான் தப்பாப் பாத்துட்டேன். பை பஞ்சு, அது போகப் போக இறுகிப்போச்சு, முதல்ல அடிச்சது கெட்டதாத் தெரிஞ்சுது, பின்னால அடிச்சது நல்லதாத் தெரிஞ்சுது. உனக்குக் குடுத்தது கெட்டது." நான் தாள்களை நீட்டினேன். வாங்கவில்லை. "எந்திரிங்க" என்றாள்.

எழுந்தேன். எதிரே புதுத் தாள் இரண்டை மாட்டிவிட்டு வந்து, கம்பியை உருவிப் போல்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவள் படுத்துச் சுடுகிறவள், பெஞ்சு பழக்கமில்லை, ஸ்டூல் உயரம் சரியில்லை, வலது முழங்கை விளிம்பில் தொங்கியது. "கைய இன்னும் கொஞ்சம் உள்ள..." "பேசாதீங்கண்ணா." அவளே ஸ்டூலைத் தள்ளினாள், அவளே பையைப் பிசைந்து பார்த்தாள், அவளே இரண்டு டப்பாவையும் இடமும் வலமுமாக வைத்துக்கொண்டு இதிலிருந்து ஒன்று அதிலிருந்து ஒன்று என்று எடுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை அவளுக்கு. ஒன்று மாற்றி ஒன்று, ஒன்றை இடது பக்கத் தாளில், ஒன்றை வலது பக்கத் தாளில். எட்டு வருஷத்தில் இன்றைக்கு முன்பு எனக்குத் தோன்றாதது. பத்து தோட்டாவும் முடிந்து டெலஸ்கோப்பில் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, மூக்கு மட்டும் விடைத்திருந்தது. "திருச்சிக்கு அப்புறம் நான் ஒழுங்கா மூச்சே விடலைண்ணா, தெரியுமா? பஸ்ல உக்காந்தாக்கூட எண்ணிட்டு இருக்கறேன். சோறு திங்கறப்பக்கூட." "தெரியும் அம்மணி." "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அது திட்டு மாதிரி இல்லை, தகவல் மாதிரி இருந்தது. தாள்களைக் கழற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டாள், பேனாவை நீட்டினாள். "எழுதுங்க. நீங்க உள்ள வர முடியாது, உங்க கையெழுத்து வரட்டும்." எழுதினேன், இருபத்தாறு வருடமாக நூற்பாலையில் பணிபுரியும் நான், என்று ஆரம்பித்து. அவள் மேலே குனிந்து படித்து அந்த வரியை அடித்தாள். "கதை வேண்டாம். எந்த லாட்டு, என்னிக்கு, எந்தப் பை, யார் பாத்தது. அவ்ளோதான்." எழுதினேன். நாலு வரிதான் வந்தது. இத்தனை வருஷத்துக்கு நாலு வரி. கையெழுத்தும் தேதியும் போட்டேன். தாள்களை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனாள், இரண்டடி போய்த் திரும்பி, "எக்ஸ்ரேவ வேணா வெச்சுக்கங்க, ஸ்கூட்டில இருக்குது" என்றாள். சிரித்தாளா என்று பார்க்கும் முன் திரும்பிவிட்டாள்.

பத்து மணிக்குக் கார்கள் வந்தன. கமிட்டி அறைக் கதவைச் சாத்தினார்கள். நான் போயிருக்கலாம், சைக்கிள் வேப்பமரத்தடியில்தான் இருந்தது, தூக்கம் கண்ணைச் சுற்றி மணல் மாதிரி உறுத்தியது, ஆனால் சுட்ட ரைபிளை அப்படியே போட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை, அதைத் தூக்கி வைக்க எந்தப் பெயர் போட்ட இடம் என்றும் தெரியவில்லை. உள்ளே சேர்மன் குரல் ஏறியது, கோகிலவாணி குரல் ஏறவில்லை, ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. காது மில்லில் பாதி போய்விட்டது, மீதிப் பாதியும் இன்றைக்கு வேண்டாம் என்றது. பத்து ஐம்பதுக்கு ஜெயகோபால் சார் வராந்தாவுக்கு வந்தார். கிட்டே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார், சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "வெள்ளிங்கிரி, ரைபிள கோகிலவாணி ரேக்குலயே வெச்சிருங்க. அடுத்த போட்டி வரைக்கும் அது அங்கதான்." "சரிங்க சார்." "அப்புறம்..." காலால் படியில் இருந்த ஒரு கல்லைத் தள்ளினார். "இனிமே லாட்டு கீட்டெல்லாம் நீங்க பாக்க வேண்டாம். அவங்கவங்க பாத்துக்குவாங்க. க்ளீனிங் மட்டும் பாருங்க, போதும்." வெள்ளிங்கிரி என்றார், எப்போதும் போல என்னுங்க வெள்ளிங்கிரி என்று இழுக்கவில்லை. "சரிங்க சார்" என்றேன் மறுபடி. அவர் உள்ளே போனார். யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சிரித்தார்கள். நான் போல்ட்டை உருவி வைத்தேன், புதுத் துணித் துண்டு ஒன்றைச் சதுரமாகக் கிழித்துக் கம்பியின் நுனியில் மாட்டினேன், எண்ணெயில் தொட்டேன், பின்பக்கமிருந்து குழாய்க்குள் விட்டுத் தள்ளினேன். கறுப்பாக வந்தது. இன்னொன்று கிழித்தேன்.